இல்லாத முட்டுவலி

மேடம் அந்தக் குப்பியை என் கையில் தந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஊறுகாய் தீர்ந்துபோன கண்ணாடிக் குப்பி. மூடிக்கு அடியில் வாழையிலைத் துண்டு வைத்து இறுக்கி, மேலே நூல் சுற்றி, பஸ்ஸில் ஒழுகாமல் இருக்க இரண்டு பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளே கரும்பச்சை நிறத்தில், எலும்பு முறிவுக்கும் மூட்டுவலிக்கும் தேய்க்கும் முறிவெண்ணெய். மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருக்கும் அவருடைய தாய்மாமன் வர்ம வைத்தியர். "மாமன் எனக்காட்டு காச்சித் தந்தது அண்ணே. கடையில கிட்டுக எண்ணெ இல்ல. லேசா சூடு பண்ணி முட்டுல தேயுங்க. மூணு மாசத்துல செரியாவும்" என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் முழங்கால் முட்டில் அப்போது ஒரு வலியும் கிடையாது. அதற்கு முன்பும் இருந்ததில்லை. அந்தக் குப்பியை வாங்கியபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மேடத்தின் முகம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மகிழ்ச்சி அதில் இருந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. ஊர்க்காரர்களுக்கு அது காத்தாடி. அதில் வேலை செய்யும் எங்களுக்கு மிஷின். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு, பெயர் கிடையாது. அடிவாரத்தில் கதவைத் திறந்து உள்ளே போனால் கோபுரம் ஒரு பெரிய இரும்புக் குழாய். அதற்குள் செங்குத்தாக ஏணி. நடுநடுவே நின்று மூச்சு வாங்கத் தட்டுகள். இருபது மாடி உயரம் ஏறினால் மேலே ஒரு சின்ன அறை. கோளாறு எதுவானாலும் பெரும்பாலும் அந்த அறையில்தான் வரும். ஆக, எங்கள் வேலை என்பது ஏறுவது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாகர்கோவிலில் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஏறத் தெரிந்ததால்தான் எங்களை வைத்திருந்தார்கள்.

மேடம் எங்கள் சைட்டுக்கு இன்சார்ஜாக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். முந்தைய இன்சார்ஜ் சந்தேகத்தையே சாப்பாடாக உண்டு வாழ்ந்த மனிதர். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், சாவு என்றால் செத்தவரின் பெயரையும் ஊரையும் கேட்பார். நாங்களும் அவருக்குத் தக்கபடி பழகியிருந்தோம். சாக்குச் சொல்வதற்கு முன்பே அதற்கு இரண்டு சாட்சியைத் தயார் செய்துவிடுவோம். மேடத்திடம் இந்த வித்தை எதுவும் செல்லவில்லை. செல்லவில்லை என்றால், தேவைப்படவே இல்லை. வயிற்று வலி என்று சொன்னால், "வலிக்குவோ? அப்போ இண்ணு ஏறண்டாம்" என்பார். அவ்வளவுதான். சொன்னதை அப்படியே நம்பும் ஒருவரை அதிகாரி நாற்காலியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் மாதம் எங்களுக்கு இது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாவது மாதம் ஒருவருக்கும் பொய் சொல்ல மனம் வரவில்லை. என்னைத் தவிர.

எனக்கு வேறு வழி இல்லை. அந்த ஆண்டு காற்றுக் காலம் தொடங்குவதற்குச் சற்று முன், பதினோராம் நம்பரில் ஏறிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. மூன்றாவது தட்டைத் தாண்டியிருந்தேன். எனக்கு மேலே என் மச்சினன் ஏறிக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவன் நான்தான். இரண்டு பேர் சேர்ந்துதான் ஏற வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் விதி. நானும் அவனும் ஒரு ஜோடி. ஏறிக்கொண்டே இருந்தவன் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வழுக்கவில்லை, விளக்கு அணையவில்லை, கீழே பார்க்கவில்லை. கை ஏணிக் கம்பியைப் பிடித்தது, பிறகு விட மறுத்தது. பதினான்கு வருடம் ஏறியிறங்கிய உடம்பு, திடீரென்று நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்றது. வியர்த்துக் கொட்டியது. மேலேயிருந்து "என்ன அத்தான்?" என்று மச்சினன் கேட்டான். "முட்டுல ஒரு வெட்டு வெட்டிட்டு மக்கா, நீ தட்டுல நில்லு" என்று என் வாய் சொன்னது. நான் யோசித்துச் சொன்னதல்ல. பயத்துக்கு முன்னால் சாக்கு ஓடிவந்து நின்றுகொண்டது.

பின்னாளில் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். விழுந்து அடிபட்டுப் பயம் வந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன். என்னோடு ஏறியவர் யாராவது என் கண் முன்னால் விழுந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். என் பயத்துக்குக் காரணம் என்று ஒன்று இல்லை. காரணம் இல்லாத ஒன்றை மனிதர்களிடம் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார்களே. முட்டுவலி என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் முட்டு இருக்கிறது, என்றாவது ஒருநாள் வலித்தும் இருக்கிறது. உடனே தங்கள் முட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாம் தப்பித்துக்கொள்ளலாம்.

சாக்குச் சொல்பவன் வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். என் விஷயத்தில் அது உண்மை இல்லை. வேலையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் அண்ணனின் ரப்பர் தோட்டத்தில் ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. நான் ஏறுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. சபைக் கோயிலில் மணிக்கூண்டு பல்பு மாற்ற வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் தூரத்துக் காத்தாடிகளைக் காட்டி, "எங்கப்பா அதுக்க உச்சியில நிப்பாரு" என்று சொல்லிவைத்திருந்தாள். முட்டுவலிக்காரன் நாளைக்கு ஏறிவிடுவான். இன்றைக்கு ஒருநாள்தான் அவனால் முடியவில்லை. பயந்தவன் நாளைக்கும் பயந்தவன்தான். ஒவ்வொரு நாளும் நான் ஒரு நாளைக்கான பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த முட்டுவலி இரண்டு மூன்று மாதம் நன்றாக உழைத்தது. காற்றுக் காலத்தில் பெரிய வேலை எதுவும் வைக்க மாட்டார்கள் என்பதும் எனக்கு வசதியாகப் போயிற்று. அவ்வப்போது வரும் சின்னக் கோளாறுகளுக்கு மேடம் பக்கத்து சைட்டிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து மச்சினனோடு ஏற்றிவிட்டார். நான் கீழே நின்று கயிற்றில் சாமான் கட்டி அனுப்பினேன். அப்புறம்தான் அந்த எண்ணெய்க் குப்பி வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி விடவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, என்னை உட்காரவைத்து, இரண்டு முட்டிலும் அரைமணி நேரம் தேய்த்துவிட்டாள். வலி எந்தப் பக்கம் என்று கேட்டபோது நான் ஒரு கணம் யோசித்து, இரண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்வதைவிட இரண்டு காலையும் நீட்டிவிடுவது சுலபம்.

மூன்று மாதம் முடிந்தது. ஐப்பசி வந்து காற்று அடங்கிற்று. பராமரிப்பு வேலைகள் தொடங்கின. அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. எண்ணெய் வேலை செய்துவிட்டது. அதாவது, வேலை செய்தே ஆக வேண்டும். மாமன் மூன்று மாதம் என்று கணக்குச் சொல்லியிருந்தார். இன்னும் வலிக்கிறது என்றால் அந்த வைத்தியருக்கும் அவமானம், மேடத்துக்கும் வருத்தம், மனைவியின் உழைப்புக்கும் மரியாதை இல்லை. மேடம் ஆவலாக "முட்டு எப்படி உண்டு அண்ணே?" என்று கேட்டபோது, "குணமாயிட்டு மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கே என் பெயரை மறுபடி ஏறுகிறவர்கள் பட்டியலில் எழுதினார்.

பிறகு நான் செய்ததையெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் பெரிய ஸ்பேனரை ஜீப்பின் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து நானும் ஒரு மணி நேரம் புதருக்குள் தேடினேன். முள் கிழித்து ரத்தம் வந்தது. இன்னொரு நாள் ஜீப்புக்குக் காவல் வேண்டும் என்றேன், அங்கே ஆடுகளைத் தவிர வேறு யாரும் வருவதில்லை. கடைசியில் காற்றைப் பிடித்துக்கொண்டேன்.

காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் ஏறக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு மிஷினின் அடியிலும் ஒரு பலகையில் அங்கே அடிக்கும் காற்றின் வேகம் எண்ணாகத் தெரியும். எல்லா மிஷினுக்கும் ஒரே காற்று இல்லை. நாலாம் நம்பர் கணவாயின் வாசலிலேயே நிற்கிறது. மற்ற இடத்தில் இலை அசையாத நாளிலும் அங்கே வேட்டி நிற்காது. பதினேழாம் நம்பர் உள்ளே தள்ளி, குன்றின் மறைவில் இருக்கிறது. நாலாம் நம்பரில் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணைப் பதினேழாம் நம்பருக்குச் சொன்னால் போதும். எண்ணில் பொய் இல்லை. மிஷினில்தான் பொய்.

அன்றைக்குப் பதினேழாம் நம்பரில் கால் மணி நேர வேலை. ஒரு சின்ன சென்சர் மாற்ற வேண்டும். பக்கத்து சைட் ஆள் வேறு வேலையில் இருந்தார். காலையில் மச்சினனையும் சாமான்களையும் பதினேழில் இறக்கிவிட்டு, நாலாம் நம்பரில் மீட்டர் எடுத்துவிட்டு வருகிறேன் என்று போனேன். அங்கிருந்து போன் செய்தேன். "லே மக்கா, காத்து கூடுதலாட்டு இருக்கு. இன்னைக்கு ஏறண்டாம். சாமானக் கெட்டி வை, நான் வாறேன்." அவன் சரி என்றான். நான் நேராகப் போகவில்லை. ரோட்டோரக் கடையில் ஜீப்பை நிறுத்தி, ஒரு சாயாவும் இரண்டு வடையும் வாங்கி, சாவகாசமாகத் தின்றேன். இன்றைய நாள் தப்பித்தது என்ற நிம்மதி எனக்கு.

மச்சினன் அங்கே நின்று பதினேழின் பலகையைப் பார்த்திருக்கிறான். காற்று கொஞ்சமும் இல்லை. அவனுக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. அத்தான் நாலாம் நம்பர் எண்ணைத் தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்திருக்கிறான். இப்போதுதான் குணமான முட்டு, எதற்கு அவரை ஏற்ற வேண்டும், அவர் வருவதற்குள் நாமே முடித்துவிடலாம் என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டு தனியாக ஏறிவிட்டான். எங்கள் வேலையில் ஒருவரும் செய்யக் கூடாத காரியம். என்மேல் இருந்த பிரியத்தால் செய்தான்.

இரண்டாவது வடை கையில் இருக்கும்போது போன் வந்தது. குரல் இளைத்திருந்தது. "அத்தான், நான் மேலதான் நிக்கேன். அறைக்க மேல்மூடி கையில விழுந்துட்டு. மணிக்கட்டு அசைக்க முடியல. தல சுத்துகு. இறங்க முடியும்னு தோணல. ஏறி வாறேளா?"

ஜீப்பை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பத்து நிமிடத்தில் பதினேழின் அடியில் நின்றேன். பெல்ட்டை மாட்டினேன். கம்பியில் கொக்கியைப் போட்டேன். அவன் என் மனைவியின் ஒரே தம்பி. அவளுடைய அம்மா இறந்தபிறகு அவள்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். இதெல்லாம் தெரிந்துதான் ஏறினேன். அவசரம் வந்தால் பயம் பறந்துவிடும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பறக்கவில்லை. ஒன்பதோ பத்தோ படி ஏறியிருப்பேன். கை அதே பழைய கையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இறங்கவும் முடியாமல் ஒரு நிமிடம் அங்கேயே தொங்கினேன். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, மேடத்துக்குப் போன் செய்தேன்.

போன் மணி அடிக்கும் அந்தச் சில நொடிகளில் என் வாய்க்குள் முட்டுவலி மறுபடி வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன். ஏறும்போது பிடித்துக்கொண்டது மேடம், பழைய இடத்திலேயே வெட்டிவிட்டது என்று சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார். நம்பிவிட்டு, "எவ்வளவு வலி? பைய ஏறிப் பாக்க முடியுமா?" என்று கேட்பார். நான் பார்க்கிறேன் என்பேன். அரைமணி நேரம் போய்விடும். மேலே அவன் உட்கார்ந்திருக்கிறான்.

"மேடம், மச்சினன் பதினேழுல மேல அடிபட்டுக் கெடக்கான். தனியா ஏறிட்டான். நான் கீழ நிக்கேன். என்னால ஏற முடியாது. காத்து இல்ல மேடம். முட்டும் இல்ல. எனக்கு ஏறப் பயம். ஆறேழு மாசமாட்டுப் பயம்" என்றேன்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "செரி. நான் அடுத்த சைட்டு ஆளையும் கூட்டிட்டு இப்பம் வாறேன். நீங்க அவன்கிட்ட போன்ல பேசிட்டே இரிங்க. ஒறங்க விடண்டாம். போன வைக்கவே கூடாது" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினேன். முதல் ஐந்து நிமிடத்தில் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. அவன் குரல் இழுத்தது. என்னிடம் வேறு ஒன்றும் இல்லாததால் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். முட்டுவலி பொய் என்றேன். "அப்போ அந்த ஸ்பேனர்?" என்று கேட்டான். "அதும் நான்தான் மக்கா. சீட்டுக்க அடியில." "திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனப்ப, பாறையில ஏறி நின்னு போட்டோ எடுக்கலாம்னு கூப்பிட்டேன். வயித்து வலின்னு சொன்னேளே?" "அதும் இதுதான்." "மூணு எலயப்பம் தின்னேளே அத்தான் அன்னைக்கு!" என்று சொல்லி அவன் சிரித்தான். இருபது மாடி உயரத்தில் கை ஒடிந்து கிடப்பவன் சிரிக்கிறான், கீழே நான் அழுகிறேன். அழுதேனே தவிர, என் நெஞ்சில் மாதக்கணக்காக இறுகிக் கிடந்தது அப்போது இளகியதையும் உணர்ந்தேன். அவன் அந்த நிலையில் இருக்கும்போது எனக்கு எப்படி அந்த நிம்மதி வந்தது என்று வெகுநாள் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

மேடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, தன் இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பக்கத்து சைட் ஆளோடு ஏறினார். கயிறு கட்டி, தட்டுத் தட்டாக நிறுத்தி, அவனை இறக்கிக்கொண்டு வந்தார்கள். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது மணிக்கட்டில் எலும்பு ஒடிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. மாவுக்கட்டுப் போட்டு இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டுப் போடும் அறைக்கு வெளியே, எப்படித் தனியாக ஏறினாய் என்று மேடம் கேட்டதற்கு, "அத்தான் வேண்டாம்னுதான் சொன்னாரு மேடம். நான்தான் கேக்காம ஏறுனேன். அத்தானுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்று அவன் சொன்னான். எல்லாம் தெரிந்த பிறகும் சொன்னான். சாக்கில் இப்படியும் ஒரு வகை உண்டு, அடுத்தவருக்காகச் சொல்வது. நான் குறுக்கே புகுந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். நாலாம் நம்பரையும் சொன்னேன். இரண்டு வடையைக்கூட விடவில்லை.

மனைவியிடம் அங்கேயே ஆஸ்பத்திரி நடையில் வைத்துச் சொன்னேன். அவள் தம்பியைப் பார்த்து அழுது முடித்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல என் முகத்தைப் பார்க்காமல் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு மாசம்" என்றாள். "இஞ்ச பாருங்க, மூணு மாசம் நான் தேச்சேன். என் கை வலிக்குன்னு ஒருநாள் நான் சொன்னேனா?" என்று கேட்டு, அந்தக் கையாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தபடியே, "பயம்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன ஊரக் கூட்டியா சொல்லப் போறேன்?" என்றாள். அவளிடம் சொல்லாமல் இருந்ததற்கும் என்னிடம் காரணம் இல்லை.

மேடம் அப்படிச் சுலபமாக விடவில்லை. மறுநாள் காலையில் அலுவலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்ததை வாசித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அண்ணே, நீங்க பயப்பட்டதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நம்பினேன் அண்ணே. நீங்க முட்டுன்னு சொன்னதுனாலதான் முட்டுக்கு எண்ணெ கொண்டு வந்தேன். பயம்னு சொல்லியிருந்தா அவனுக்கு வேற ஜோடி போட்டிருப்பேன். இப்பம் அவன் விழுந்து செத்திருந்தா, நான் அவன் அக்காட்ட என்ன சொல்லுவேன்? எண்ணெ குடுத்தேன்னா?" என்றார். சந்தேகப்படுகிறவரிடம் பொய் சொல்வது ஒரு விளையாட்டு, இரண்டு பக்கமும் விதி தெரியும். நம்புகிறவரோ அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு போய் அதன்மேல் வேலை செய்துவிடுகிறார். என் மச்சினன் செய்ததும் அதுதான். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனாலும் பரவாயில்லை, இனி காலையில் எழுந்து அன்றைய சாக்கைத் தேட வேண்டாம் என்று ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்து, என்னைக் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் மேடம் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. எட்டாவது நாள், ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போடும் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் 'இன்று ஏறத் தயார்', 'இன்று ஏறத் தயாரில்லை' என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதுக்குக் கீழே 'காரணம்' என்று ஒரு வரி. அந்த வரியை எல்லாப் படிவத்திலும் பேனாவால் அடித்திருந்தார். "நம்ம சைட்டுல இனி ஏறலன்னா ஏறல. ஏன்னு யாரும் கேக்கண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம்" என்றார். எல்லோரும் தினமும் மட்டம் போடுவார்கள் என்று மேலிடத்தில் பயந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பல வருடம் ஏறிய ஒருவர், தன் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த வாரம் முழுக்க ஏறவில்லை. அடுத்த வாரம் ஏறினார். மச்சினன் கட்டுப் பிரித்த பிறகு இரண்டு மாதம் ஏறவில்லை, பிறகு என்னைவிட நன்றாக ஏற ஆரம்பித்தான். நான் அப்புறம் ஏறவே இல்லை. சபை மணிக்கூண்டு பல்பை இப்போது அவன்தான் மாற்றுகிறான். மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள், தனக்குக் கணக்கு டீச்சரைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள்.

மேடம் மூன்று வருடம் எங்களோடு இருந்துவிட்டு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய காற்றாலைக்குப் போய்விட்டார். வருடங்கள் பல ஆகியும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் போன் வரும். போன மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பி, போனிலும் அழைத்திருந்தேன். கட்டாயம் வருவேன் என்று சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார்.

"அண்ணே, மோளுக்க கல்யாணத்துக்கு நான் வரல்ல" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டார். வழக்கமாக அந்த இடத்தில் எல்லோரும் ஒன்று சொல்வார்கள். லீவு இல்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். கேட்பவர்களும் சும்மா இருப்பதில்லை. சொல்பவர் தடுமாறினால் நாமே ஒன்றை எடுத்து நீட்டிவிடுகிறோம். லீவு தரலியா மேடம் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் வராததில் எனக்கு வருத்தம்தான். உண்மையாகவே வருத்தம்.

"செரி மேடம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு விடும் சத்தம் கேட்டது. சாக்குச் சொன்னவர்கள் சொன்ன கையோடு போனை வைத்துவிடுவார்கள், மேலே பேசினால் எங்காவது முட்டும். மேடம் வைக்கவில்லை. மகளுக்கு என்ன நிறத்தில் புடவை எடுத்தோம், சாப்பாட்டுக்கு எத்தனை பாயசம், மச்சினன் எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவசரமே இல்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம்.